ஏழாவது குழியின் இடப்பக்கம்

என் அக்கா வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "குழி வெட்டுறார்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்ப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காக இருந்தது. சிலர் கிணற்று வேலை என்று எடுத்துக்கொள்வார்கள். சிலர் கல்லறை வேலை என்று நினைத்து, "அதுவும் உழைப்புதானே தம்பி" என்று எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"கோல்ஃப் மைதானம் கட்டுறாருன்னு சொன்னா உனக்கு வாய் சுளுக்கிக்குமா?" என்பாள்.

மாமா சிரிப்பார். "அவன் சரியாத்தானே சொல்றான். குழிதானே வெட்டுறேன்?" என்பார்.

இதெல்லாம் பயல், அக்காவின் மகன், இருந்தபோது. இப்போது குழி என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் யாரும் வாயில் எடுப்பதில்லை. வேலை நடக்கும் இடத்திலும் ஏழாவது, பதினோராவது என்று வெறும் எண்ணைச் சொல்லிப் பழகிக்கொண்டோம்.

விவரம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அந்த விளையாட்டில் பந்தை முதலில் அடிக்கிற இடத்திலிருந்து கொடி நட்டிருக்கிற இடம்வரைக்கும் உள்ள முழு நீளத்துக்கும் குழி என்றுதான் பெயர். அப்படிப் பதினெட்டு. கடைசியில் கொடி நிற்கும், புல்லை ஒட்ட வெட்டிய இடம் கிரீன். தூரத்திலிருந்து பார்த்தால் மேசை போலத் தட்டையாகத் தெரியும். கிட்டப் போய்ப் பந்தை உருட்டினால்தான் அதன் வண்டவாளம் தெரியவரும். நேராக உருட்டிய பந்து பாதி வழியில் மனசு மாறி வேறு பக்கம் போகும். அந்த மேடு பள்ளங்களைச் சின்ன புல்டோசர் ஒன்றில் உட்கார்ந்து செதுக்குவதுதான் மாமாவின் வேலை. ஷேப்பர் என்பார்கள். காகிதத்தில் கோடு போடுவது டிசைனர், அந்தக் கோட்டை மண்ணில் கொண்டுவருவது ஷேப்பர். அவருக்குப் பின்னால் அளவுகோலைத் தூக்கிக்கொண்டு ஓடி, எந்த இடம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று பார்த்துச் சொல்பவன் நான். இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான், அதில் தினமும் என்னைத் திட்டுபவரும் அவர்தான்.

மாமா வாழ்க்கையில் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. மட்டையைக் கையில் கொடுத்தால் துடைப்பத்தைப் பிடிப்பதுபோல் பிடிப்பார். ஆனால் மண்ணைத் தட்டையாக விட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "தரையை இஸ்திரி போட ஊர்ல ஆயிரம் பேரு இருக்கான். சுருக்கம் வைக்கத்தான் ஆள் இல்ல" என்பார். அதனால் சைட்டில் அவருக்குச் சுருக்கம் என்றே பெயர் விழுந்துவிட்டது. லாரிக்காரர்கள் தூரத்திலிருந்தே "சுருக்கம் அண்ணே, மண்ணு எங்க கொட்டுறது?" என்று கூவுவார்கள்.

வீட்டிலும் இதே கதைதான். சாப்பிட்டு முடித்ததும் கட்டில் விரிப்பை இரண்டு கையாலும் அங்கே ஒரு மடிப்பு, இங்கே ஒரு பள்ளம் என்று தள்ளி வைப்பார். பயல் ஒரு கோலிக்குண்டை எடுத்துக்கொண்டு வந்துவிடுவான். நல்ல வளர்ந்த ஆள், ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகிறவன், அப்பாவோடு கட்டிலில் கோலி உருட்டிக்கொண்டு இருப்பான். அக்கா வாசலில் நின்று, "படுக்கிற எடமா, ரோடு போடுற எடமா இது?" என்று இருவரையும் எழுப்பி விரட்டிவிட்டு விரிப்பை இழுத்து நேராக்குவாள். மறுநாளும் அதே கூத்து நடக்கும்.

ஏழாவது குழியை நான் முதன்முதலில் பார்த்தது அந்தக் கட்டிலில்தான். மாமா ஒரு நீலத் துண்டை விரித்து அதை ஏரி என்றார்.

"அடிக்கிறவன் இங்க நிக்கிறான். கொடி அங்க. நடுவுல ஏரி உள்ள பூந்திருக்கு. பாதை ஏரியைச் சுத்தி வலது பக்கமா வளைஞ்சு போவுது. இப்ப அவன் என்ன பண்ணுவான்?"

"சுத்திப் போவான்" என்றேன் நான்.

"அது உன்னை மாதிரி ஆளு. பயந்தாங்கொள்ளி. தப்பில்ல, போகலாம். ஆனா வலது பக்கம் வந்து நின்னா கிரீன் அவனுக்கு எதிர்ப்பக்கமா சரியும். வலது மேடு, இடது பள்ளம். அங்கேர்ந்து அடிச்ச பந்து நிக்காம ஓடி ஏரிப் பக்கம் போயிரும். தைரியசாலி என்ன பண்றான்? தண்ணி மேலயே குறுக்க அடிக்கிறான். விழுந்தா தண்ணி. தாண்டிட்டான்னா, இடது பக்கம் வந்து நிக்கிறான். இப்ப அதே சரிவு அவனுக்கு மடி மாதிரி. அடிக்கிற பந்தை வாங்கி வெச்சுக்கும்."

"அப்ப குறுக்க போறவனுக்குத்தான் லாபம்" என்றான் பயல்.

"லாபமும் இருக்கு, நஷ்டமும் இருக்கு. ரெண்டையும் தெரிஞ்சுக்கிட்டு அவனே முடிவு பண்ணணும். அந்தக் கேள்வியைக் கேக்கணும் பாரு, அதுக்குப் பேருதான் டிசைன்."

பயல் கோலியை வலது பக்கத்திலிருந்து உருட்டினான். அது சரிந்து ஓடி நீலத் துண்டில் விழுந்தது. இன்னொரு முறை உருட்டினான், மறுபடியும் விழுந்தது. "அநியாயம்ப்பா இது" என்று சொல்லிச் சிரித்தான்.

அந்த ஏரி நிஜமான ஏரி. அதன் ஒரு கரையில் எங்கள் சைட். எதிர்க்கரையில் மாமா வீடு. இரண்டுக்கும் நடுவே போக இரண்டு வழி. தார் ரோட்டில் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகலாம், என் வீடு அந்த ரோட்டில்தான் இருக்கிறது. அல்லது ஏரிக்குக் குறுக்கே போகிற கரை மேட்டின் மேலேயே செம்மண் பாதையில் நேராகப் போய்விடலாம். அந்தப் பாதை மாமா வீட்டுத் தெருவில் முடிகிறது, வேறெங்கும் போகாது. வெயில் காலத்தில் அதுதான் சௌகரியம். மழைக்காலத்தில் புத்தியுள்ளவன் போகமாட்டான்.

அன்று மழை. மாமா கண்ணாடியை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்திருந்தார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு வரைபடத்தில் ஒரு கோடும் தெரியாது. பயல் அன்று லீவு. கண்ணாடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பியவன் கரைப்பாதையின் நடுவில் சறுக்கி, பைக்கோடு தண்ணீரில் விழுந்தான். மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்து தூக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவன் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அக்கா கையில் கொடுத்தார்கள். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அதற்குப் பிறகு அந்த வீடு எப்படி இருந்தது என்று கேட்டால் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் விஷயமே. அழுகைச் சத்தம் இருந்தால்கூடப் போய் ஆறுதல் சொல்லலாம். இருவரும் அழவில்லை. அக்கா சமைத்தாள், மாமா சாப்பிட்டார், உப்புப் போடாத நாளிலும் சாப்பிட்டார். டி.வி. சத்தமில்லாமல் ஓடும். ஒருவர் ஹாலில் உட்கார்ந்தால் மற்றவர் சமையலறையில் நிற்பார். நான் போனால் என்னிடம் பேசுவார்கள். "மாமாகிட்ட கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்பாள் அக்கா, மாமா நாலடி தள்ளி உட்கார்ந்திருப்பார். எனக்கு எரிச்சல் வரும். நான் என்ன தபால்காரனா?

ஒருநாள் அக்கா ஒரு பையோடு என் வீட்டுக்கு வந்தாள். "பத்து நாள் இருந்துட்டுப் போறேன்" என்றாள். சண்டையா என்று கேட்டேன். "சண்டை போட அவருக்கும் எனக்கும் தெம்பு ஏது?" என்றாள். மாமாவும் கூப்பிட வரவில்லை. பத்து நாள் என்பது மாதக்கணக்கில் நீண்டது. காலையில் எழுந்ததும் அக்கா தான் படுத்த கட்டில் விரிப்பை இழுத்து நேராக்குவாள். நேராகத்தான் இருக்கும், திரும்பவும் இழுப்பாள். ஒரு மடிப்பும் இல்லாத துணியைக் கையால் தேய்த்துக்கொண்டே நிற்பாள். "போதும் விடு" என்று நான்தான் அவள் கையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கும்.

"உள்ள எல்லாம் மரத்துப் போச்சுடா" என்று ஒருமுறை சொன்னாள். "பல்லு பிடுங்க ஊசி போட்டா கன்னம் ஒரு மாதிரி இருக்குமே, அந்த மாதிரி. அது எப்ப தெளியும்னு தெரியல. தெளிஞ்சா என்ன ஆகும்னும் தெரியல."

மாமா சைட்டை விட்டு ஒருநாளும் நின்றதில்லை. முதல் ஆளாக வருவார், கடைசி ஆளாகப் போவார். புல்டோசரில் ஏறினால் இறங்குவதே இல்லை. வாயே திறப்பதில்லை, என்னைத் திட்டுவதுகூட நின்றுபோனது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் திட்டு இல்லாமல் எனக்கு வேலையே ஓடவில்லை. கண்ணாடியை அவர் மறுபடி போடவில்லை, புதிதாக வாங்கவும் இல்லை. வரைபடத்தைச் சுருட்டி சீட்டுக்குப் பக்கத்தில் சொருகி வைத்துக்கொண்டு கைப்போக்கில் வேலை செய்தார். கை நல்ல கை என்பதால் மற்ற குழிகளெல்லாம் ஏறக்குறையச் சரியாகவே வந்துகொண்டிருந்தன.

அப்படித்தான் கடைசியாக ஏழாவதுக்கு வந்தோம்.

டிசைனர் மேடம் அந்தச் சமயம் வேறு ஊர் சைட்டில் இருந்தார். அவர் மாமாவைவிட வயதில் மிகவும் சின்னவர், மாமாவை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். மழை வருவதற்குள் ஏழாவது கிரீனை முடித்துவிடச் சொல்லியிருந்தார். மாமா முடித்தார். நான் அளவு எடுத்தபோது இடது பக்கம், ஏரியை ஒட்டின பக்கம், வரைபடத்தைவிட உயரமாக வந்தது. தாழ்வாக இருக்க வேண்டிய இடம் வரப்பு மாதிரி எழும்பி நின்றது.

"மாமா, எடப்பக்கம் ஏறியிருக்கு."

"இருக்கட்டும்."

"நல்லாவே ஏறியிருக்கு மாமா. தண்ணி எங்க போகும்?"

"இருக்கட்டும் மாப்ளே" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். வேறு யாராவது என்றால் விட்டிருக்கமாட்டேன். அந்த முகத்தைப் பார்த்து மேலே பேச எனக்கு வாய் வரவில்லை.

இதற்கிடையில் அக்காவுக்கு ஒரு வேலை வந்தது. தூரத்து ஊரில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றுக்கு வார்டன். தங்குவதற்கு இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. "வர்ற திங்கக்கிழமை போயிடறேன்" என்றாள். மாமாவுக்கு இந்த மைதானம் முடிந்ததும் கடல் தாண்டி எங்கோ அடுத்த வேலை. இவள் அங்கே போய், அவர் இங்கிருந்து போய்விட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? விவாகரத்து என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஆளுக்கொரு பக்கம் உருண்டு போய்விடுவார்கள், அவ்வளவுதான்.

"மாமாகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டேன்.

"நீ சொல்லிடு" என்றாள்.

சொன்னேன். மாமா புல்டோசருக்குக் கிரீஸ் அடிக்கிற துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல எடமான்னு பாத்துக்க" என்றார். இரண்டு பேரையும் ஒரே சுவரில் முட்ட வைக்கலாம் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு மழை கொட்டியது. விட்டபின் போய்ப் பார்த்தால் பதினெட்டுக் கிரீனில் பதினேழு காய்ந்து கிடக்கிறது, ஏழாவது மட்டும் குளமாக நிற்கிறது. நாலு பக்கமும் மேடு, நடுவில் தண்ணீர். லாரிக்காரர்கள் அதற்குச் சட்டி என்று பெயர் வைத்துவிட்டார்கள். புதிதாக ஷேப்பர் வேலை பழகுகிறவன்கூடச் செய்யாத தப்பு. மண்ணை எப்படி வேண்டுமானாலும் நெளிக்கலாம், தண்ணீர் வெளியே போக ஒரு பக்கமாவது விட்டாக வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் முதல் பாடம். அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே மாமாதான்.

டிசைனர் மேடம் வந்தார். தண்ணீர் கொஞ்சம் வற்றியிருந்தது. பையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, வலது பக்கத்து மேட்டில் நின்று கையால் உருட்டிவிட்டார். அது வேகமாக ஓடி, இடது வரப்பில் ஏறி, திரும்பி வந்து நடுவில் தேங்கிய தண்ணீரில் நின்றது. இன்னொரு பந்தைப் பின்னாலிருந்து உருட்டினார், அதுவும் அங்கேயே வந்தது. நான் இடது பக்கத்திலிருந்து ஒன்று உருட்டிப் பார்த்தேன். மூன்றும் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

"அண்ணே, தண்ணி நிக்கிறதை விடுங்க, அதைச் சரி பண்ணிடலாம்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, அவருக்கும் பயலைத் தெரியும். "ஆனா இதுல கேள்வியே இல்லையே. சுத்தி வர்றவன் பந்தும் கொடிகிட்டதான் வந்து நிக்குது. அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அப்புறம் எவன் ரிஸ்க் எடுத்துத் தண்ணி மேல குறுக்கால போவான்?"

"யாரும் போக வேண்டாம்" என்றார் மாமா.

மேடம் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"யாரும் குறுக்கால போக வேண்டாம் மேடம். எல்லாரும் சுத்தியே வரட்டும். லேட்டானாலும் பரவால்ல." அவர் ஏரிப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். அந்த இடத்திலிருந்து பார்த்தால் கரைப்பாதை பூராவும் தெரியும். இவ்வளவு நாள் அங்கே அளவுகோலோடு நின்றிருக்கிறேன், எனக்கு அது உறைக்கவே இல்லை.

மேடம் குனிந்து பந்துகளை எடுத்துப் பையில் போட்டார். "நீங்களே சரி பண்ணுங்க அண்ணே. வேற ஆளை ஏத்த மாட்டேன். நீங்க எப்ப ஏறுறீங்களோ அப்ப" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்.

மாமா புல்டோசரில் ஏறவில்லை. ஷெட்டில் போய் ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். நானும் போய் எதிரில் நின்றேன்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லித் தொலைங்க மாமா."

அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். பிறகு வரைபடத்தைப் படித்துக் காட்டுகிற குரலில் சொன்னார். "அவன் வீட்டை விட்டுக் கெளம்புறப்ப ஃபோன் பண்ணான். மழையா இருக்கு, சுத்தி வரேன், லேட்டாகும்னான். டிரைவர், லாரி எல்லாம் எனக்காக நிக்குது. நான்தான் சுத்த வேண்டாம், கரை மேல வந்துடுன்னேன். பயந்தாங்கொள்ளியாடா நீன்னு கேட்டேன்."

என் கையிலிருந்த அளவுகோலைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது நிற்காமல் சரிந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தேன்.

"அக்காகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா போயிடுவா."

"இப்ப மட்டும் இருக்காளா?" என்று கத்தினேன். ஷெட்டின் தகரத்தில் பட்டு என் குரலே எனக்குக் கேட்டது. மாமா தலையைக் குனிந்துகொண்டார். கத்தியிருக்க வேண்டாம்தான். ஆனால் அந்த வீட்டில் இவ்வளவு நாளாக ஒருவரும் கத்தவில்லை, யாராவது ஒருவர் கத்தித்தான் ஆக வேண்டும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

வீட்டுக்குப் போய் அக்காவிடம், "அவர் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். என்னால தபால்காரன் வேலை பாக்க முடியாது. நீயே வந்து கேளு" என்றேன். அவள் ஊருக்கு எடுத்துப் போகிற துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் மத்தியானம் கைப்பையை மாட்டிக்கொண்டு வந்து என் வேனில் உட்கார்ந்தாள்.

ஏழாவதில் தண்ணீர் இன்னும் கணுக்கால் அளவு நின்றது. மாமா இடப்பக்க வரப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார். அக்கா சட்டியின் மறுபக்கம் நின்றாள். அவள் சைட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. இவ்வளவு வருஷம் கட்டில் விரிப்பில் பார்த்ததைத் தரையில் இப்போதுதான் பார்க்கிறாள். நான் நகர்ந்துகொள்ளலாமா என்று யோசித்தேன். அதற்குள் மாமா சொல்ல ஆரம்பித்துவிட்டார். என்னிடம் சொன்ன அதே வார்த்தைகள். ஒன்றைக்கூட மாற்றவில்லை, பயந்தாங்கொள்ளி என்று கேட்டதையும் விடவில்லை.

அக்கா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவன் தெனமும் வேலைக்குக் கரை மேலதான் போவான்" என்றாள் கடைசியில்.

மாமா நிமிர்ந்தார்.

"தெனமும். மழையோ வெயிலோ. ஷூ பூரா செம்மண்ணா வரும். நான்தான் கழுவிக் கழுவி வெப்பேன். உங்ககிட்ட சொன்னா கத்துவீங்க, புள்ளை திட்டு வாங்குவான்னு சொல்லல. சொல்லியிருந்தா அப்பவே நிறுத்தியிருப்பீங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அதை எப்படி உங்க மூஞ்சியைப் பாத்துச் சொல்றதுன்னுதான் நான் இவன் வீட்டுக்குப் போனேன்."

"நான் சொன்னதுனாலதான் அன்னிக்கு..."

"அவன் என்னிக்குங்க நீங்க சொன்னதைக் கேட்டிருக்கான்?" என்றாள் அக்கா. "மருந்து குடிடான்னா கேக்க மாட்டான், ஹெல்மெட் போடுடான்னா கேக்க மாட்டான். அன்னிக்கு மட்டும் நீங்க சொல்லித்தான் போனானாக்கும். பெரிய இவரு நீங்க."

சொல்லி முடித்ததும் அவள் முகம் கோணியது. மாமாவுக்கும். சிரிப்பா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை, இருவருமே அந்த வேலையை மறந்து போயிருந்தார்கள். சத்தம் மட்டும் வந்தது. நான் வேறு பக்கம் திரும்பி என் மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

அக்கா சொன்னது நிஜமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொன்னால் அவள் மூக்கைத் தொடுவாள், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்று அவளுடைய இரண்டு கைகளும் பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தன. தேடி எடுத்தாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அந்தக் கண்ணாடி. அத்தனை மாதமாக அவள் பையிலேயே இருந்திருக்கிறது. தண்ணீரைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், சேலை முனையால் துடைத்து, அவரிடம் நீட்டினாள்.

"போடுங்க. கோடு தெரிய வேண்டாமா?"

மாமா வாங்கினார். ஒரு காதில் மாட்டிய பிறகு இன்னொரு காதைத் தேட வேண்டியிருந்தது. போட்டுக்கொண்டு வரைபடத்தை விரித்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "இந்த எடம் இவ்வளவு ஏறியிருக்கு, நீ என்னத்தடா அளவு பாத்த மடையா?" என்றார். என் கண் நிறைந்துவிட்டது. எத்தனை மாதம் கழித்து வாங்கிய திட்டு.

புல்டோசரில் ஏறி இடது வரப்பின் ஓரத்தில் பிளேடை வைத்து மெல்ல இழுத்தார். மண் விட்டுக்கொடுத்த இடத்தில் தண்ணீர் முதலில் கசிந்தது, பிறகு கோடாக ஓடியது, பிறகு மொத்தமாகக் கிளம்பி ஏரியில் போய் விழுந்தது. அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அது போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வரப்பு முழுவதையும் அவர் எடுத்துவிடவில்லை. கொடிக்கு நேரே உள்ளதை வரைபடத்தின்படி இறக்கினார். ஏரியை ஒட்டின விளிம்பில் மட்டும் ஒரு முழ நீளத்துக்குச் சின்ன மேட்டை விட்டு வைத்தார். சுற்றி வருகிறவன் பந்தில் எப்போதாவது ஒன்று அதில் தட்டி நிற்கும். மேடம் பிறகு வந்து பார்த்தபோது அந்த மேட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது இன்னும் அங்கே இருக்கிறது.

வேலை முடிந்து மூன்று பேரும் வேனில் ஏறினோம். மாமா பின் சீட்டில், அக்கா என் பக்கத்தில். ஒன்றும் சரியாகிவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அக்காவின் பெட்டி என் வீட்டில் கட்டித் தயாராக இருந்தது. சைட்டு கேட்டுக்கு வெளியே ரோடு இரண்டாகப் பிரியும். பயல் போனதிலிருந்து நான் எப்போதும் சுற்று வழியில்தான் போவேன், முதலில் என் வீடு வரும். கை தானாக அந்தப் பக்கம் ஸ்டீயரிங்கைத் திருப்பியது.

"கரை மேல போ" என்றாள் அக்கா.

நான் பிரேக்கைப் போட்டேன். பின்னாலிருந்து மாமா என் சீட்டை இறுக்கிப் பிடிப்பது முதுகில் தெரிந்தது.

"காஞ்சுதான் கெடக்கு. போடா" என்றாள்.

திருப்பினேன். இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் செம்மண். அந்த இடம் வந்தபோது நான் வேகத்தைக் குறைத்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வண்டிக் கண்ணாடியில் பின்னால் பார்த்தேன், மாமா கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையைப் பின்னால் நீட்டியிருந்தாள்.

அந்த வழியில் அவர்கள் வீடு எவ்வளவு பக்கம் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது.